முதல் வாரத்து எடையும் ஓராண்டு எடையும்

மாவுச்சத்தைக் குறைத்தால் எடை குறையுமா என்று கேட்டால், குறையும் என்பதே நேரான விடை. லண்டனில் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளராக இருந்த வில்லியம் பாண்டிங், ரொட்டியையும் சர்க்கரையையும் பீரையும் உருளைக்கிழங்கையும் விட்டுத் தாம் இளைத்த கதையை 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். 1972இல் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூலும் இன்றைய கீட்டோவும் பேலியோவும் அதே பாதையில் வந்தவையே. இவற்றால் பலர் இளைத்திருப்பதை மறுக்க வேண்டியதில்லை. வேறு உணவுமுறைகளைவிட இதில் கூடுதலாகக் குறைகிறதா, குறைவதற்கு மாவுச்சத்துதான் காரணமா என்பவையே விவாதத்துக்குரியவை. சாப்பாட்டின் மொத்த அளவைக் குறைக்க உதவும் பல வழிகளுள் இது ஒன்று. இதற்கென்று தனி ஆற்றல் கிடையாது என்பதே என் முடிவு.

தனி ஆற்றல் இருப்பதாக நம்ப வைப்பது முதல் வாரம். கல்லீரலும் தசைகளும் சில நூறு கிராம் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் வடிவில் சேமித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் தங்கியிருக்கிறது. சோறும் இட்லியும் நின்றதும் உடல் அந்தச் சேமிப்பைச் செலவழிக்கிறது, தண்ணீர் சிறுநீராக வெளியேறுகிறது. எடை பார்க்கும் கருவியில் ஒன்றிரண்டு கிலோ குறைந்து தெரியும். அதில் பெரும்பகுதி கொழுப்பல்ல. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிய சில நாளில் அது மீண்டும் ஏறிவிடும். ஆகவே இரண்டாம் வாரத்தில் அல்ல, ஓராண்டு கழித்துக் கேட்க வேண்டிய கேள்வி இது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு அப்படித்தான் கேட்டது. ஒரு பிரிவினர் கொழுப்பைக் குறைத்தார்கள், மறு பிரிவினர் மாவுச்சத்தைக் குறைத்தார்கள். கலோரி வரம்பு யாருக்கும் விதிக்கப்படவில்லை. சர்க்கரையையும் மைதா போன்ற சுத்திகரித்த மாவையும் தவிர்த்துக் காய்கறியை நிறையச் சாப்பிடும்படி இரு பிரிவினருக்கும் சொல்லப்பட்டது. பன்னிரண்டு மாத முடிவில் முதல் பிரிவு சராசரியாக 5.3 கிலோவும் இரண்டாம் பிரிவு 6 கிலோவும் குறைந்திருந்தன. புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடே அல்ல.

ஓராண்டில் பலர் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருப்பார்கள், அதனால்தான் உண்மையான பலன் தெரியவில்லை என்று இந்த முறையின் ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யாரும் ஒரு கவளம்கூட மறைத்துச் சாப்பிட முடியாத இடத்தில்தான் இதைச் சோதிக்க முடியும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு அதைச் செய்தது. 19 பேர் ஆய்வு மையத்திலேயே தங்கினார்கள். உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளக்கும் மூடிய அறையில் அவர்கள் எரித்த கொழுப்பு கணக்கிடப்பட்டது. முப்பது விழுக்காடு கலோரி ஒருமுறை மாவுச்சத்திலிருந்தும் மறுமுறை கொழுப்பிலிருந்தும் குறைக்கப்பட்டது. மாவுச்சத்தைக் குறைத்தபோது இன்சுலின் சுரப்பு தெளிவாகக் குறைந்தது. ஆனாலும் நாளொன்றுக்கு உடலிலிருந்து கரைந்த கொழுப்பு அப்போது 53 கிராம். கொழுப்பைக் குறைத்தபோதோ 89 கிராம். இன்சுலின் தாழ்ந்தால் கொழுப்பின் பூட்டு திறக்கும் என்று அந்த ஆதரவாளர்கள் சொல்லும் கோட்பாட்டுக்கு இதைவிடக் கடுமையான சோதனை அரிது. ஆறே நாள் சோதனை என்பது அதன் வரம்பு. நீண்ட காலத்துக்கு ஸ்டான்ஃபோர்டு ஆய்வும் குறுகிய காலத் துல்லியத்துக்கு இதுவும் சான்றாக நிற்பதால் இரண்டையும் சேர்த்தே வாசிக்கிறேன்.

இந்த உணவுமுறை பசியை அடக்குகிறது என்ற வாதம் இதைவிட வலுவானது. முட்டையும் மீனும் இறைச்சியும் புரதத்தைக் கூட்டுவதால் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கிறது; பிஸ்கட்டும் முறுக்கும் குளிர்பானமும் பட்டியலிலிருந்தே போய்விடுகின்றன. சிலருக்கு அளந்து சாப்பிடுவதைவிட இப்படி விலக்கிவிடுவது எளிது. சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரை சீக்கிரம் இறங்குவதும் உண்மையான நன்மை. ஆனால் அது எடையிலிருந்து வேறான கேள்வி.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் என்னை அதிகம் நிறுத்திய செய்தி சராசரியில் இல்லை. இரு பிரிவுகளிலுமே ஒருவர் முப்பது கிலோ வரை குறைந்திருக்க, இன்னொருவர் பத்துக் கிலோ வரை கூடியிருந்தார். மரபணு வகையும் இன்சுலின் சுரப்பும் இதை முன்கூட்டிச் சொல்லும் என்று எதிர்பார்த்துச் சோதித்தார்கள், இரண்டும் சொல்லவில்லை. அரிசியா முட்டையா என்ற சண்டையில் செலவாகும் உழைப்பை, ஒரே உணவுமுறையைப் பின்பற்றிய இருவர் இவ்வளவு தூரம் விலகிப்போனது ஏன் என்ற ஆராய்ச்சிக்குத் திருப்ப வேண்டும்.