நிலவறையில் ஒரு நீலச்சுடர்

விறகடுப்பு மூட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும், தீயைப் பற்றவைப்பது பெரிய காரியமல்ல என்று. அதனோடு கூட உட்கார்ந்திருப்பதுதான் காரியம். சுள்ளியைத் தள்ள வேண்டும், ஊதாங்குழல் எடுத்து ஊத வேண்டும், புகை கண்ணைக் கரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். தீயும் அதன் காவலரும் பல்லாயிரம் ஆண்டுகள் ஒரே இடத்தில்தான் இருந்தார்கள்.

வட அமெரிக்கக் குளிர்ப்பிரதேச வீடுகளில் இந்த உறவு முறிந்துவிட்டது. வீட்டுக்கு அடியில் நிலவறையில் இரும்புப் பெட்டி ஒன்று நிற்கிறது. ஃபர்னஸ் என்று பெயர். மேலே எல்லோரும் உறங்கிக்கொண்டிருக்க, அது தானே பற்றிக்கொள்கிறது, தானே அணைகிறது, ஓர் இரவில் பலமுறை. யாரும் பார்க்காத ஒரு தீயை நம்பி மனிதர்கள் கண்ணயர்கிறார்கள். இந்த நம்பிக்கை எவ்வாறு வந்தது என்பது சுவையான வரலாறு; சில இடங்களில் துயரமான வரலாறும்கூட.

அதற்குள் நுழைய ஒரு பழுதை வாசலாகக் கொள்ளலாம். ஜனவரி மாதத்து நள்ளிரவு. தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்கிறது. புகையை வெளியேற்றும் சிறு விசிறி சுழலத் தொடங்குகிறது. பற்றவைக்கும் துண்டு செக்கச்செவேலென ஒளிர்கிறது. வாயு வால்வு ‘டக்’கென்று திறக்க, பர்னர்கள் வரிசையாகப் பற்றிக்கொள்கின்றன. சில நொடிகள்தாம். தீ அணைந்துவிடுகிறது. உலை மீண்டும் முயல்கிறது, மீண்டும் அணைகிறது. சில முயற்சிகளுக்குப் பின் வாய்மூடிக்கொள்கிறது. வீடு குளிரத் தொடங்குகிறது. தீ நன்றாகத்தானே எரிந்தது, பிறகு ஏன் அணைந்தது?

*

வில்லியம் முர்டாக் 1792-இல் கார்ன்வாலின் ரெட்ருத் நகரில் தம் வீட்டை நிலக்கரி வாயுவால் ஒளியூட்டியதிலிருந்து தொடங்குவது வழக்கம். 1812-இல் லண்டனில் எரிவாயு நிறுவனம் ஒன்று அரச சாசனம் பெற்றது. எரிபொருள் குழாய்வழி வீட்டுக்கு வரலாம் என்ற எண்ணம் வேரூன்றிய காலம் அது.

அதே 1812-இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் மாண்டனர். சுரங்கத் தொழிலாளரின் விளக்கைப் பற்றி ஆராய அழைக்கப்பட்ட ஹம்ஃப்ரி டேவி, 1815-இல் ஓர் எளிய உண்மையைக் கண்டார். போதிய அளவு சிறிய துளைகளின் வழியே சுடர் கடந்து செல்வதில்லை. உலோகம் அதன் வெப்பத்தை உறிஞ்சிவிடுகிறது. சுடரைச் சுற்றிக் கம்பிவலை அமைத்த அவரது காப்பு விளக்கு இவ்வுண்மையின் மீது நிற்கிறது. இன்றைய பர்னரின் துளைகளும் அதே விதிக்குக் கட்டுப்பட்டவையே.

அடுத்த படி ஹைடல்பெர்கில். அந்நகருக்கு நிலக்கரி வாயு வந்துகொண்டிருந்த வேளையில், ராபர்ட் புன்சன் தம் புதிய ஆய்வகத்துக்கு ஒளிராத, புகைக்கரி படியாத, சூடு மிகுந்த சுடர் ஒன்றை விரும்பினார். காற்றையும் வாயுவையும் எரியும் முன்பே கலந்துவிடுவது அவரது யோசனை. அதைக் கருவியாக வடித்தவர் பல்கலைக்கழகத்தின் கைவினைஞர் பீட்டர் டெஸாகா. 1855-இல் பர்னர் தயாராயிற்று. புன்சன் அதற்குக் காப்புரிமை பெறவில்லை.

நீலச்சுடருக்கும் மஞ்சள் சுடருக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான். முன்பே காற்று கலந்த வாயு நீலமாக எரிகிறது. காற்று குறைந்தால் எரியாத கரித்துகள்கள் சிவந்து ஒளிர, சுடர் மஞ்சளாகிறது. நம் வீட்டு கேஸ் அடுப்பில் பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னரைக் கழற்றித் துடைக்கிறோமே, அதே விஷயம்தான். நிலவறை உலையில் மட்டும் அதன் பொருள் கடுமையானது. அரைகுறையாக எரியும் தீ, கார்பன் மோனாக்சைடைப் பிறப்பிக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை.

*

1919 டிசம்பரில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஆலிஸ் பார்க்கர் என்ற கறுப்பினப் பெண்மணி, எரிவாயுவால் வீடு முழுவதையும் சூடாக்கும் உலை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தனித்தனியே கட்டுப்படுத்தக்கூடிய பர்னர்கள், வெப்பக்காற்றை அறைகளுக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் ஆகியவை அவரது வரைபடத்தில் உள்ளன. கரி அள்ளிப்போடும் வேலை இல்லாத வீடு ஒன்றை அவர் கற்பனை செய்தார் எனலாம். கரி அள்ளுபவர் போனதும் தீயின் அருகே இருந்த கடைசிக் காவலரும் போனார். அவருக்குப் பதில் யார்?

முதல் விடை, பைலட் எனப்பட்ட சிறு சுடர். நம் ஊர் அணையா விளக்கைப் போல் அது இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். வாயு திறந்ததும் பெரிய பர்னரைப் பற்றவைக்கும். ஆனால் பைலட்டே அணைந்துவிட்டால்? அதற்கும் விடை இருந்தது. இரு வேறு உலோகங்களை இணைத்துச் சூடாக்கினால் மின்விளைவு தோன்றும் என 1821-இல் தாமஸ் ஜோஹான் ஸீபெக் கண்டிருந்தார். அவ்விணைப்பை, அதாவது தெர்மோகப்பிளை, பைலட்டின் நாவில் வைத்தார்கள். அதிலிருந்து கிடைக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்களவே. அச்சிறு சக்தியால் மின்காந்தம் ஒன்று வாயு வால்வைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்தால் பிடி தளரும், வால்வு மூடும். வெளி மின்சாரம் எதுவும் வேண்டாம். தீயே தனக்குக் காவல்.

*

1937-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி டெக்ஸாஸின் நியூ லண்டன் என்ற ஊரில் நடந்ததைக் கூறாமல் இவ்வரலாறு நிறைவுறாது. எண்ணெய் வளத்தால் செழித்த பகுதி அது. பள்ளிக்கூடம் புதியது, பெரியது. அறைகளை எரிவாயுக் கணப்புகள் சூடாக்கின. செலவைக் குறைக்க, எண்ணெய் நிறுவனங்கள் வீணாக எரித்துவிடும் எச்ச வாயுவின் குழாயோடு பள்ளியின் இணைப்பை மாற்றிக்கொண்டார்கள். அவ்வாயுவுக்கு மணம் கிடையாது. கட்டடத்தின் அடியில் கசிந்து நிறைந்ததை யாரும் அறியவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குச் சற்றுப் பின், தொழிற்பயிற்சி அறையின் மின்கருவி ஒன்றில் எழுந்த பொறி போதுமானதாயிற்று. மாண்டவர்கள் ஏறத்தாழ 300 பேர். பெரும்பாலானோர் குழந்தைகள்.

எரிவாயுவில் மணம் சேர்க்கும் வழக்கம் அதற்கு முன்பும் சில இடங்களில் இருந்தது. அவ்விபத்துக்குப் பின் டெக்ஸாஸ் அதைச் சட்டமாக்கியது. பிற இடங்களும் தொடர்ந்தன. பொறியாளர்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டத்தையும் அம்மாநிலம் அதே ஆண்டு இயற்றியது. இன்று சென்னையிலோ மதுரையிலோ ஒரு சமையலறையில் “கேஸ் வாசனை அடிக்கிறதே” என்று யாரேனும் சன்னலைத் திறக்கும்போது, அவர் அறியாமலே அந்தக் குழந்தைகள் விட்டுச்சென்ற எச்சரிக்கைக்கும் செவிசாய்க்கிறார். வாசனை வாயுவினுடையதன்று. நாம் உணரவேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்ட கந்தகச் சேர்மத்தினுடையது.

*

பர்னரும் வாயுவும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும் என்பதை ஒரு நாடே கற்றுக்கொண்ட கதை பிரிட்டனுடையது. அங்கே வீடுகளுக்கு வந்த நிலக்கரி வாயுவில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன். மிக வேகமாக எரியக்கூடியது. வடகடலில் கிடைத்த இயற்கை வாயுவோ பெரும்பகுதி மீத்தேன். மெதுவாக எரிவது, ஆனால் வெப்பம் இரு மடங்கு. பழைய பர்னரில் புதிய வாயுவை விட்டால் சுடர் துளையை விட்டு எழும்பி அணைந்துவிடும். ஆகவே 1967 முதல் 1977 வரை வீடு வீடாகச் சென்று, ஒரு கோடிக்கும் மேற்பட்ட நுகர்வோரின் அடுப்புகளையும் கணப்புகளையும் மாற்றியமைத்தார்கள். ஒரு தேசத்தின் தீ முழுவதையும் கையால் திருத்திய வேலை அது.

அதற்கிடையே 1973-இன் எண்ணெய் நெருக்கடி வந்தது. எரிபொருள் விலை ஏறவே, ஆண்டு முழுவதும் எரிந்த பைலட் சுடர் ஆடம்பரமாகத் தோன்றலாயிற்று. அமெரிக்காவில் கலிஃபோர்னியா முதலில் சட்டம் செய்தது. 1992-இல் நாடு முழுமைக்குமான திறன் அளவுகோல் நடைமுறைக்கு வர, புதிய உலைகளிலிருந்து பைலட் பெரும்பாலும் மறைந்தது. அதன் இடத்தில், தேவைப்படும்போது மட்டும் மின்சாரத்தால் செந்நிறமாகும் சிலிக்கன் கார்பைடுத் துண்டு வந்தது. எளிதில் உடையக்கூடியது, கைபட்டுப் படியும் எண்ணெய்ப் பசையே அதன் ஆயுளைக் குறைத்துவிடும் என்பர் பழுதுபார்ப்பவர்கள்.

பைலட் போனதும் பழைய காவலும் போயிற்று. பெரிய தீ உண்மையில் பற்றியதா என்று இனி யார் சொல்வது? விடை சுடருக்குள்ளேயே இருந்தது. தீயில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் உண்டு. ஆகவே தீ சிறிதளவு மின்சாரத்தைக் கடத்தும். சுடருக்குள் மெல்லிய உலோகக் கம்பி ஒன்றை நீட்டி அதற்கு மாறுமின்சாரம் கொடுக்கிறார்கள். கம்பி சிறியது, எதிர்முனையான பர்னரோ பெரியது. எனவே மின்னோட்டம் பெரிதும் ஒரு திசையிலேயே செல்கிறது. அளவு சில மைக்ரோஆம்பியர். இவ்வேற்பாட்டின் நேர்மை கவனிக்கத்தக்கது. தீ இல்லையேல் மின்னோட்டமே இல்லை. கம்பி எங்கேனும் உலோகத்தில் தொட்டுக்கொண்டால் இரு திசையிலும் ஓடும். ஒரு திசை ஓட்டத்தைத் தீயால் மட்டுமே தரமுடியும். பொய்ச்சாட்சிக்கு இடமில்லை.

*

இப்போது நம் நள்ளிரவுப் பழுதுக்கு வருவோம். தீ எரிந்தது உண்மை. ஆனால் அக்கம்பியின் மேல் நாளடைவில் மெல்லிய படலம் ஒன்று படிந்துவிட்டது. மின்னோட்டம் தடைப்பட, சாட்சியின் குரல் எட்டவில்லை. உலையின் மூளை, தீ இல்லாமலே வாயு பாய்வதாக எண்ணி வால்வை மூடுகிறது. பெரும்பாலும் தீர்வு எளியது. மின்சாரத்தையும் வாயுவையும் நிறுத்தி, ஒரு திருகைக் கழற்றி, கம்பியை மென்மையாகத் தேய்த்துத் திரும்ப வைப்பது.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. குளிரில் நடுங்குபவர், தடுத்துநிற்கும் ஏதோ ஒரு பாதுகாப்பு சுவிட்சைக் கண்டுபிடித்து, அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. உலை உடனே எரியும். புகைபோக்கி அடைத்திருந்தால் காற்றழுத்த சுவிட்ச் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். சுடர் வெளியே புரண்டு வந்திருந்தால் வெப்ப சுவிட்ச் சொல்லியிருக்கும். ஒயர் அவற்றின் வாயை அடைத்துவிடுகிறது. தாமதமாகப் பற்றி ‘பட்’டென்று அதிரும் ஓசையும், சுடரின் மஞ்சள் நிறமும் இத்தகைய எச்சரிக்கைகளே. அங்கெல்லாம் பயிற்சி பெற்றவரை அழைப்பதே முறை.

இப்பெட்டியின் ஒவ்வொரு உறுப்பும் ஒரு தயக்கம். என்றோ எங்கோ, தயங்கியிருக்கவேண்டிய தீ ஒன்று தயங்காமல் போனதன் நினைவு. ஃபெல்லிங்கின் சுரங்கத் தொழிலாளரும் நியூ லண்டனின் பிள்ளைகளும் அதற்குள் இருக்கிறார்கள். பாட்டி அடுப்பின் முன் உட்கார்ந்து கண்ணால் செய்த காவலை, நிலவறையில் இப்போது விரல் நீளக் கம்பி ஒன்று செய்கிறது. அது சந்தேகப்பட்டு அணைக்கும் இரவில் வீடு குளிர்கிறது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே உறங்குபவர்கள் காலையில் எழுந்துவிடுகிறார்கள்.