துருப்பை மறைத்து வைக்கும் மேசை: பழவங்காடியிலிருந்து ஒரு சீட்டாட்ட வரலாறு

சீட்டாட்டம் குறித்து நம் கல்விப்புலத்தில் எழுதப்பட்டவை பெரும்பாலும் பணத்தைப் பின்தொடர்ந்தே செல்கின்றன. பணம் புழங்கிய இடத்தில்தான் காவல்துறை நுழைந்தது, வழக்கும் தீர்ப்பும் உருவாயின, ஆவணம் எஞ்சியது. பணம் வைக்காமல் ஆடப்பட்ட மேசைகள் ஆவணக்காப்பகத்திற்குள் வரவில்லை. ஆனால் சீட்டைக் கலைப்பவர் யார், வெட்டுபவர் யார், எப்பக்கமாகப் பகிர வேண்டும், மேசையில் எதைப் பேசலாம் என்னும் ஒழுங்குகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகின்றன. அவ்வொழுங்குகளையே ஆவணமாகக் கொண்டு வாசிக்க முடியும் என்பதே இப்பதிவின் வாதம்.

திருவனந்தபுரத்தின் பழவங்காடியை இவ்வாய்வின் தொடக்கப் புள்ளியாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. கிழக்கேக்கோட்டையை ஒட்டிய பழவங்காடி கணபதி கோயில் திருவிதாங்கூரின் நாயர் படையோடு பிறந்தது. இன்றும் இந்தியத் தரைப்படையின் பொறுப்பில் உள்ளது. அருகிலேயே தமிழ் வணிகர்கள் நிறைந்த சாலைக் கடைவீதி. அங்கிருந்து மகாத்மா காந்தி சாலையில் வடக்கே சென்றால் தலைமைச் செயலகம். 1960ஆம் ஆண்டின் கேரளச் சூதாட்டச் சட்டத்தின்கீழ், 1976இல் மாநில அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. திறனே மேலோங்கிய ஆட்டங்கள் எனச் சிலவற்றுக்கு அதில் விலக்களிக்கப்பட்டது. ரம்மியோடு அப்பட்டியலில் இடம்பெற்ற இரண்டு ஆட்டங்கள் இருபத்தெட்டும் ஐம்பத்தாறும். வீட்டுத் திண்ணையிலும் வாசகசாலையிலும் கல்யாண வீட்டின் முந்தைய இரவிலும் ஆடப்படும் ஆட்டங்கள் அரசாங்க ஏட்டில் பெயர் பெற்ற அரிய தருணம் அது. விலக்கோடு ஒரு நிபந்தனையும் இருந்தது: ஆட்டத்தின் மீது பக்கப் பந்தயம் கட்டினால் விலக்கு செல்லாது.

இருபத்தெட்டின் பகிர்வு முறையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். நால்வர் ஆடுவர், எதிரெதிரே அமர்பவர்கள் ஓரணி. ஆகவே ஒவ்வொருவருக்கும் இருபுறமும் இருப்பவர் எதிரணியினரே. ஏழு முதல் ஆஸ் வரையிலான 32 சீட்டுகளைப் பகிர்பவர் கலைக்கிறார். அவருடைய இடப்பக்கத்தவர் வெட்டுகிறார். அதாவது கலைப்பது ஓரணி, வெட்டுவது மற்றோர் அணி. வலப்பக்கத்தவரில் தொடங்கி ஒவ்வொருவருக்கும் முதலில் நான்கு சீட்டுகள் மட்டும். பாதிக் கையை வைத்துக்கொண்டே கேள்வி கேட்க வேண்டும். குறைந்த கேள்வி 14. கேள்வியை வென்றவர் தம் சீட்டுகளில் ஒன்றைத் துருப்பாகத் தேர்ந்து, கவிழ்த்து மேசையில் வைக்கிறார். அதன் பிறகே மீதி நான்கு சீட்டுகள் பகிரப்படும். துருப்பு எந்த இனம் என்பது அவருடைய இணையருக்கும் தெரியாது. ஆடப்படும் இனம் தம்மிடம் இல்லாத ஒருவர் கேட்கும்போதுதான் கவிழ்த்த சீட்டு நிமிரும்.

கசினோவின் போக்கர் மேசையோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு துலங்கும். அங்கே பகிர்பவர் ஊதியம் பெறும் பணியாளர், ஆடுவதில்லை. பொதுச் சீட்டுகளைத் திறக்கும் முன் மேற்சீட்டு ஒன்றை எரித்துவிடுவது, அதாவது யாருக்கும் காட்டாமல் ஒதுக்கிவிடுவது, அவர் கடமை. ஒவ்வொரு ஆட்டத்திற்கும் ஒரு வட்டமான வில்லை இடம் மாறிச் செல்லும். பகிரும் முறை யாருடையது என்று அது காட்டும். ஆட்டக்காரர்களே முறைவைத்துப் பகிர்ந்த காலத்தின் எச்சம் அந்த வில்லை. முறை இருக்கிறது, பகிரும் வேலை மட்டும் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அந்நடுநிலைக்கு விலையாக ஒவ்வொரு பானையிலிருந்தும் ஒரு பங்கை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. இருபத்தெட்டில் நடுநிலையாளர் இல்லை. பகிர்பவரும் வெல்ல விரும்பும் ஆட்டக்காரரே. எனவே ஐயம் எழக்கூடிய ஒவ்வொரு படியிலும் எதிரணியின் கை ஒன்று நுழைக்கப்பட்டிருக்கிறது: வெட்டுவது எதிரணி, முதல் சீட்டைப் பெறுவது எதிரணி, முதலில் கேட்பதும் எதிரணி. நம்பிக்கையை விலைக்கு வாங்காமல் நடைமுறையால் உருவாக்கும் ஏற்பாடு இது.

இவ்வாட்டம் எங்கிருந்து வந்தது? விடையின் ஒரு பகுதி கணக்கில் இருக்கிறது. இருபத்தெட்டில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் தலா 1. ஓர் இனத்திற்கு 7. நான்கு இனங்களுக்கு 28. இரண்டு கட்டுகளைச் சேர்த்து அறுவர் ஆடினால் 56. ராஜாவும் ராணியும் மதிப்பற்றுக் கிடக்க, ஜாக்கியும் ஒன்பதும் உச்சியில் அமரும் இவ்விநோதத்துக்கு விளக்கம் பாக்கு நீரிணைக்கு அப்பால் கிடைக்கிறது. யாழ்ப்பாணத்தின் முந்நூற்றிநாலில் ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஓர் இனத்திற்கு 76, நான்குக்கு 304. பத்தால் வகுத்துப் பின்னத்தைத் தள்ளினால் கிடைப்பது இருபத்தெட்டு. டர்பன் நகரின் இந்திய வம்சாவளியினர் ஆடும் துன்னியிலும் இதே 30, 20, 11, 10, 3, 2 தான். 1860 முதல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். தண்ணி என்ற தமிழ்ச் சொல்லே துன்னி ஆயிற்று என்று சொல்லப்படுகிறது.

ஜாக்கியும் ஒன்பதும் முதன்மை பெறும் ஐரோப்பியக் குடும்பத்தின் பெயர் யாஸ். நெதர்லாந்தில் இன்றும் ஆடப்படும் கிளாவர்யாஸ் அக்குடும்பத்தது. சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் 1796இல் யாஸ் ஆட்டம் பதிவாகியுள்ளது. அங்கும் அது டச்சுப் பகுதியிலிருந்து சென்றதாகவே கருதப்படுகிறது. யாழ்ப்பாணம் 1658 முதல் 1795 வரை, கொச்சி 1663 முதல் 1795 வரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம். நன்னம்பிக்கை முனையும் அதே கம்பெனியின் துறை. மூன்று கரைகளிலும் ஒரே குடும்பத்தின் ஆட்டங்கள் தங்கியிருப்பது தற்செயல் என்று நான் கருதவில்லை.

சொற்கள் இதற்குத் துணை நிற்கின்றன. சிங்களத்தில் நான்கு இனங்களின் பெயர்களும் டச்சு: ஹாரத்த, ருவித்த, கலாபர, இஸ்கோப்ப. டச்சு மொழியின் ஹார்ட்டன், ரௌட்டன், கிளாவரன், ஸ்கோப்பன் ஆகியவற்றின் தெளிவான திரிபுகள் இவை. தமிழிலும் மலையாளத்திலும் நிலைமை கலவையானது. கிளாவர் டச்சுச் சொல்லே; ஆங்கிலத்தின் கிளப்பிலிருந்து அது வர வழியில்லை. தமிழின் ஆட்டினும் மலையாளத்தின் ஆடுதனும் இறுதி னகரத்தால் ஹார்ட்டனையே நினைவூட்டுகின்றன. டைமன் ஆங்கிலம். இஸ்பேட்டைப் போர்த்துகீசிய எஸ்பாடாவோடு இணைப்பவர்கள் உண்டு. ஸ்கூலை இஸ்கூல் என்று சொல்லும் நாவுக்கு ஸ்பேடும் இஸ்பேட் ஆகும் என்பதால் அச்சான்றை நான் பயன்படுத்தமாட்டேன். துருப்பு என்னும் சொல் டச்சு துரூஃபுக்கு நெருக்கமானது. ஜாக்கியைக் குறிக்கும் குலான், அடிமை எனப் பொருள்படும் உருதுச் சொல். ராஜாவை வெல்லும் அடிமை என்று இதில் ஒரு சமூக உருவகத்தைக் காண ஆய்வு மாணவர்கள் ஆசைப்படக்கூடும். ஆனால் தரவரிசை ஐரோப்பாவிலிருந்து வந்தது. பெயர் தக்காணத்து வழியில் வந்தது. இரண்டும் சந்தித்தது சீட்டுக்கட்டில்தான்.

இவ்விடத்தில் ஒரு கவர்ச்சியான கதை நம்மை அழைக்கிறது. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரிடம் சரணடைந்த டச்சுத் தளபதி டி லனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்தார். அப்படை பத்மநாபபுரத்தில் வழிபட்ட கணபதியே தலைநகரோடு இடம்பெயர்ந்து பழவங்காடிக்கு வந்தார் என்பது கோயில் மரபு. டி லனாயின் வீரர்களே நாயர் படைக்குச் சீட்டைக் கற்பித்தனர் என்று முடிச்சுப் போடுவது எளிது. சொல்லாராய்ச்சி அவ்வளவு தூரம் நம்மை இட்டுச் செல்லாது. ஒரு கரையில் ஒன்றரை நூற்றாண்டு நிகழ்ந்த பண்டமாற்றை, மிளகுக் கிடங்குகளையும் துறைமுக மதுக்கடைகளையும் விட்டுவிட்டு, ஒரு தளபதியின் கணக்கில் எழுதுவது பழைய நோய். ஆட்டங்கள் பெரும்பாலும் பெயரற்றவர்களின் கைவழியே பரவுகின்றன.

பேச்சு ஒழுங்கு இன்னும் நுட்பமானது. கசினோ மேசையில் வாய்விட்டுச் சொன்னது கட்டுப்படுத்தும். முறை வருமுன் பேசக் கூடாது. ஒரு கைக்கு ஓர் ஆட்டக்காரர் மட்டுமே. ஐம்பத்தாறில் மும்மூவராக இரண்டு அணிகள் ஒருவர்விட்டு ஒருவராக அமர்கின்றன. கேள்வியின் சொல்வடிவம்தான் இணையர்களுக்கிடையே அனுமதிக்கப்பட்ட ஒரே மொழி. எண்ணை முன்வைத்து இனத்தைச் சொல்வதும், இனத்தை முன்வைத்து எண்ணைச் சொல்வதும் வெவ்வேறு செய்திகள். அச்செய்தி எதிரணியின் காதிலும் விழவே செய்யும், அதுவே நியாயம். கண் சிமிட்டலும் இருமலும் குற்றம். சொல்லடுக்கு மாற்றம் திறன்.

தண்டனையும் மேசையிலேயே உண்டு. கையிருப்புப் புள்ளிகளை இழந்தவர் காதில் குணுக்கு அணிய வேண்டும். இலையோ காகிதமோ எது கிடைத்தாலும் குணுக்காகும். தமிழிலும் மலையாளத்திலும் குணுக்கு பெண்களின் காதணி. கேரளத்து சுரியானி கிறித்தவப் பெண்களின் மரபணிகளில் ஒன்று. பணத்துக்குப் பதில் மானம் பணயமாகிறது. அம்மானத்தின் அளவுகோல் பெண்ணின் அணிகலன். இம்மேசையை ஒரு சமத்துவ வெளியாகக் கொண்டாடுபவர்கள் இதைக் கடந்து போய்விடக் கூடாது. தோற்ற ஆணைப் பெண்ணாக்கிச் சிரிக்கும் மேசை அது.

சட்டம் இவை எதையும் காணவில்லை. செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றின் ரம்மி வழக்கில், 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கே. சத்தியநாராயணா தீர்ப்பை வழங்கியது. கலைத்துப் பகிரப்படும் எல்லாச் சீட்டாட்டத்திலும் தற்செயல் உண்டு. எனினும் விழும் சீட்டுகளை நினைவில் கொள்வதும், எதை வைப்பது எதை விடுவது என்று முடிவெடுப்பதும் ரம்மியில் மேலோங்கிய திறன் என்றது. மன்றம் வாங்கிய சிறு கட்டணத்தைக் குற்றமாகக் கருதவில்லை. ஆட்டத்திலிருந்தே இலாபம் ஈட்டினால் நிலைமை வேறு என்றும் சுட்டியது. அந்த அளவுகோலே 1976இன் கேரள அறிவிக்கையின் அடியிலும் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியை விலக்கிலிருந்து நீக்க அரசு அந்த அறிவிக்கையைத் திருத்தியது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தை ரத்து செய்தது. வாதங்கள் யாவும் ரம்மியைச் சுற்றியே நிகழ்ந்தன. பட்டியலில் அதை அடுத்திருந்த இருபத்தெட்டையும் ஐம்பத்தாறையும் பற்றிப் பேச யாருக்கும் தேவை எழவில்லை.

நாகர்கோவில், யாழ்ப்பாணம், டர்பன் ஆகிய ஊர்களைச் சேர்ந்த நண்பர்கள், உங்கள் வீட்டு மூத்தோரிடம் மூன்று கேள்விகள் கேட்டு இங்கே பதியுங்கள்: சீட்டை வெட்டுபவர் எப்பக்கத்தவர்? நான்கு இனங்களின் பெயர்கள் என்ன? தோற்றவருக்கு என்ன செய்வார்கள்? சொற்களை அவர்கள் ஒலிப்பது போலவே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.