'இன்ஃபர்னல் அஃபேர்ஸ்': யாரு போலீஸ், யாரு கடத்தல்காரன்?

நீங்கள் உண்மையில் யார் என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அவரும் இறந்துவிட்டால்? "நான் போலீஸ்" என்று நீங்கள் சொன்னால் யாரு நம்புவா?

2002 டிசம்பரில் வெளிவந்த ஹாங்காங் படம் 'இன்ஃபர்னல் அஃபேர்ஸ்' அந்த முடிச்சில்தான் நிற்கிறது. இயக்கியவர்கள் ஆண்ட்ரூ லாவ், ஆலன் மாக்.

கதை என்ன?

இரண்டு இளையர்கள். இருவரும் காவல்துறைப் பயிற்சிப் பள்ளியில் சேர்கிறார்கள்.

யான் (டோனி லியூங்) அங்கிருந்து வெளியேற்றப்படுகிறார். அது வெறும் நாடகம். அவரைப் போதைப்பொருள் கும்பலுக்குள் ரகசிய போலீஸாக அனுப்புகிறார்கள். மூன்று ஆண்டு என்று சொன்ன வேலை, கிட்டத்தட்ட 10 ஆண்டாக நீள்கிறது.

மிங் (ஆண்டி லாவ்) காவல்துறையில் உயர் பதவிக்கு வருகிறார். அவரை அங்கே அனுப்பியதே கும்பல் தலைவன் சாம்தான்!

திருப்பம் எது?

ஒருநாள் இரவு. கொக்கேய்ன் கைமாறப்போகிறது. கும்பலுக்குள் உட்கார்ந்திருக்கும் யான், விரலால் தட்டித் தட்டி மோர்ஸ் குறியீட்டில் போலீஸுக்குத் தகவல் சொல்கிறார். அதே நேரத்தில் மிங், போலீஸின் திட்டத்தைச் சாமுக்குக் கசியவிடுகிறார்.

சரக்கும் சிக்கவில்லை, ஆளும் சிக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் ஒன்று புரிந்துவிடுகிறது: நமக்குள்ளே ஒரு கறுப்பு ஆடு இருக்கு.

அதன்பிறகு நடப்பது வேட்டை. யான் யார் என்பதை அறிந்த ஒரே அதிகாரி கொல்லப்படுகிறார். மிஞ்சியிருப்பது கணினியில் ஒரு கோப்பு. மிங் அதையும் அழித்துவிடுகிறார். பத்து ஆண்டு உழைப்பு, ஒரு 'கிளிக்'கில் காலி.

பெயரில் என்ன இருக்கு?

ஆங்கிலத்தில் 'இன்டர்னல் அஃபேர்ஸ்' என்றால் காவல்துறையின் உள்விவகாரப் பிரிவு. 'இன்ஃபர்னல்' என்றால் நரகத்துக்குரியது. ஓர் எழுத்து மாறினால் அலுவலகமே நரகம்!

சீனத் தலைப்பின் பொருள் 'இடைவிடாத பாதை'. பௌத்தம் சொல்லும் மிகக் கொடிய நரகமான அவீசியை அது குறிக்கிறது. அங்கே துன்பத்துக்கு இடைவேளையே கிடையாது.

முடிவு ஏன் இரண்டு?

(படம் இன்னும் பார்க்கலையா? அடுத்த நான்கு பத்திகளைத் தாண்டிப் போங்க.)

அசல் படத்தில் யான் இறந்துவிடுகிறார். அவர் போலீஸ் என்பது பிறகுதான் நிரூபிக்கப்படுகிறது. மிங் மாட்டிக்கொள்ளவில்லை. சீருடையோடு யானின் கல்லறைக்கு முன் நின்று வணக்கம் செலுத்துகிறார்.

சீனாவுக்கென்று வேறு முடிவு எடுக்கப்பட்டது. அதில் மிங் கைதாகிறார். குற்றவாளி தப்புவதைத் திரையில் காட்டக்கூடாது என்பதே காரணம்.

2006இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி இதைத் 'தி டிபார்ட்டட்' என்று பாஸ்டன் நகருக்குக் கொண்டுபோனார். சிறந்த படம் உட்பட 4 ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. அதிலும் கறுப்பு ஆடு தப்பவில்லை.

ஆனால் அசல் முடிவில் மிங் உண்மையிலேயே தப்பிவிட்டாரா? நல்லவனாக வாழ ஆசைப்படுகிறார். அந்த நல்லவன் பொய் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அதைச் சுமந்துகொண்டே வாழவேண்டும். தலைப்பு சொல்லும் நரகம் அதுதான்.

ஏன் பார்க்கவேண்டும்?

துப்பாக்கிச் சண்டை குறைவு. பதற்றம் அதிகம். ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்கம், டோனி லியூங்கிற்குச் சிறந்த நடிகர் எனப் பல விருதுகளை அள்ளியது. 2003இல் மேலும் இரண்டு பாகங்கள் வந்தன.

கான்டனீஸ் மொழியிலேயே, வசனவரிகளோடு பாருங்கள். முடிந்ததும் உங்களையே கேட்டுப் பாருங்கள்: பத்து ஆண்டு ஒருவனாக நடித்தவன், கடைசியில் யார்?