வேற்றுமை உருபும் நிரல் திருத்தும் கருவியும்

சிற்றிலக்கியங்களை விட்டு வெளியே அதிகம் செல்லாத நான் மென்பொருளைப் பற்றி எழுதப் புகுவது நண்பர்களுக்கு வியப்பளிக்கலாம். காரணம் என் பழைய மாணவர் ஒருவர். இளங்கலையில் தமிழ் பயின்று, பின்னர் நிரலெழுதக் கற்று, அத்துறையிலேயே நிலைத்துவிட்டவர். சென்ற சாரல் பருவத்தில் ஐந்தருவிக்கு வந்திருந்தார். குளித்து ஈரம் உலர்த்தியபடி தம் முதல் வேலையில் நேர்ந்த பிழையைச் சொன்னார்.

சரக்கை ஒரு கிடங்கிலிருந்து மற்றொரு கிடங்குக்கு மாற்றுவதைப் பதிவு செய்யும் ஒரு மெத்தட். அது பெறும் பாராமீட்டர்கள், அதாவது அளபுருக்கள், இரண்டு: புறப்படும் கிடங்கின் எண், சேரும் கிடங்கின் எண். ஏதோ காரணத்தால் இவ்விரண்டின் வரிசையை மாற்ற நேர்ந்தது. அந்த மெத்தடை அழைக்கும் இடங்களோ நாற்பதுக்கு மேல். கையால் தேடித் திருத்தியதில் மூன்று விடுபட்டுவிட்டன. இரண்டும் எண்களே ஆதலால் கம்பைலர் குறை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் வரவு செலவாகவும், செலவு வரவாகவும் பதிவாகியிருக்கின்றன. "ஐயா, ஐந்தாம் வேற்றுமையையும் நான்காம் வேற்றுமையையும் இடம் மாற்றிவிட்டேன்" என்றார்.

வகுப்பில் நான் சொல்லித் தந்த எதையும் இவ்வளவு துல்லியமாக அவர் திருப்பிச் சொன்னதில்லை!

சற்று எண்ணிப் பாருங்கள். 'செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு நெல் அனுப்பினான்' என்பதைத் 'தென்காசிக்குச் செங்கோட்டையிலிருந்து' என்று மாற்றிச் சொன்னாலும் நெல் திசை மாறிப் போவதில்லை. உருபு பெயரோடு ஒட்டி நின்று அதன் பங்கைக் காக்கிறது. ஜாவா போன்ற மொழிகளில் உருபு இல்லை, இடமே வேற்றுமை. முதலில் நிற்பது நீங்கல், அடுத்து நிற்பது கொடை. ஆகவே அங்கே வரிசையைத் தொடுவது பொருளையே தொடுவதாகும். அளபுருவைக் கூட்டுவதும் இத்தகையதே. 'சிறுவன் அருவியைக் கண்டான்' என்பது 'தந்தை சிறுவனுக்கு அருவியைக் காட்டினார்' என்று பிறவினையாகும்போது வாக்கியம் புதிதாக ஒருவரைக் கேட்கிறது. வினை ஒன்று மாறினால், அவ்வினை வரும் வாக்கியமெல்லாம் மாறவேண்டும்.

இவ்வேலையை மனிதன் கையால் செய்யாமல் கருவியிடம் ஒப்படைக்க முடியுமா என்ற கேள்விக்கு முப்பதாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஜான்சனின் மாணவரான வில்லியம் ஒப்டைக் 1992இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இதில் முன்னோடி. நிரலின் செயல் மாறாமல் அதன் அமைப்பை மட்டும் மாற்றும் 'ரீஃபாக்டரிங்' முறைகளை அவர் வகைப்படுத்தினார். அளபுருவைச் சேர்த்தல், நீக்கல், வரிசை மாற்றல் ஆகியவை அப்பட்டியலிலேயே உண்டு. மாற்றத்தைச் செய்யுமுன் எவ்வெந் நிபந்தனைகள் நிறைவேறியிருக்க வேண்டும் என்று அவர் வரையறுத்தார். என் பார்வையில் அவருடைய பெரும்பணி இதுவே. நீக்கப்போகும் அளபுருவை உள்ளே எவரும் பயன்படுத்தவில்லை என்று உறுதியானால்தானே நீக்கலாம்?

அடுத்து ஜான் பிராண்ட், டான் ராபர்ட்ஸ் இருவரும் அதே பல்கலைக்கழகத்தில் ஸ்மால்டாக் மொழிக்கு ரீஃபாக்டரிங் பிரவுசர் என்னும் கருவியை உருவாக்கினர். ஸ்மால்டாக்கில் மதிப்புகளின் முன்னே அவற்றின் பங்கைச் சொல்லும் சொல் நிற்கும். ஏறத்தாழ நம் உருபு போல. (வரிசை மட்டும் நம்முடையதைப்போல நெகிழாது.) 1999இல் மார்ட்டின் ஃபௌலரின் நூல் வெளிவந்து இக்கலையைப் பொது நிரலர்களிடம் சேர்த்தது. 2001இல் வெளிவந்த இன்டெல்லிஜே ஐடியாவும், பின்னர் எக்லிப்ஸும் ஜாவா நிரலர்களின் அன்றாடத்துக்குள் இக்கருவிகளைக் கொண்டுவந்தன. ஃபௌலரின் முதற்பதிப்பில் பெயர் மாற்றல், அளபுரு சேர்த்தல், அளபுரு நீக்கல் என்று தனித்தனியே இருந்தவை 2018ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் ஒரே தலைப்பின்கீழ் வந்துவிட்டன.

சொல்லைத் தேடி மாற்றுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 'மதி' என வருமிடமெல்லாம் 'நிலா' என்று மாற்றினால், மதிமிக்க அமைச்சன் நிலாமிக்க அமைச்சன் ஆகிவிடுவான். கருவி எழுத்தைப் பார்ப்பதில்லை. நிரலைப் பகுத்து மரமாக்கி, ஒவ்வொரு பெயரும் எதைச் சுட்டுகிறது என்று அறிந்த பின்பே கைவைக்கிறது. பதவுரை எழுதுபவரின் வேலை அது.

குற்றாலத்தில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது இரசிகமணி டி.கே.சி. நினைவுக்கு வராமல் இருப்பாரா? 1954இல் மறைந்த அப்பெருமகனார் கம்பன் பாடல்களில் தம் செவிக்கு ஒவ்வாதவற்றை இடைச்செருகல் என ஒதுக்கினார், பாடங்களையும் திருத்தினார். அவருடைய சுவையுணர்வுக்கு நான் அடிமை. ஆனால் அத்திருத்தத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒப்டைக் கேட்ட நிபந்தனைகளைச் சுவை கேட்பதில்லை. மேலும், கம்பனை எடுத்தாண்ட உரைகளும் மேடைகளும் நினைவுகளும் எங்கெங்கோ பரவிக் கிடக்கின்றன. மூலத்தைத் திருத்தினால் அவற்றையெல்லாம் யார் சென்று திருத்துவது?

கருவிகளின் எல்லையும் இதுவே. தன் கண்ணுக்கு எட்டிய நிரலையே கருவி திருத்தும். வெளியாருக்கு வழங்கிவிட்ட மெத்தடை அவர்கள் தம் நிரலில் எப்படி அழைக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. சரமாக எழுதப்பட்டு, ஓடும்போது மட்டும் பெயராக மாறும் அழைப்புகளும் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஐந்தருவிக்கு அண்மையிலுள்ள மத்தளம்பாறையில் இன்று இத்தகைய வேலை நாள்தோறும் நடக்கிறது. ஸோஹோ நிறுவனம் 2011இல் தென்காசிப் பகுதிக்கு வந்தபின், சென்னைக்குப் போகாமலேயே நிரலெழுதும் இளைஞர்கள் இங்கே உருவாகியிருக்கிறார்கள்.

இப்போது கருவி இருக்கிறதே, அந்த அச்சம் போய்விட்டதா என்று மாணவரிடம் கேட்டேன். வரிசை மாற்றக் கருவியைத்தான் பயன்படுத்துகிறாராம். ஆனால் கிடங்கு எண்களை இனி வெறும் எண்களாக விடுவதில்லை என்றார். புறப்படும் கிடங்குக்கு ஒரு வகை, சேரும் கிடங்குக்கு வேறு வகை என்று தனித்தனியே அறிவித்துவிடுகிறாராம். இடம் மாறினால் கம்பைலரே மறுத்துவிடும்.

"உருபு சேர்த்துவிட்டேன், ஐயா" என்றார்.