பொலிசையில் வாழ்ந்த ஏரி

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஆள் தேர்ந்த குடவோலை முறைதான் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகளைத் தேர்தலுக்காகவே போற்றுகிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்பவர் குறைவு. அவர்களுள் ஒரு குழுவினர் ஏரி வாரியப் பெருமக்கள். ஊரின் நீருக்கு அவர்களே பொறுப்பு.

அவ்வூரின் வைரமேக தடாகம் என்னும் ஏரி பல்லவர் காலத்தது. அக்காலத்து ஏரிகளுக்கு வந்த கொடைகளுள் ஒரு வகை உண்டு: பொன்னை ஊர்ச்சபையிடம் ஒப்படைப்பார்கள், அந்த முதல்பொன்னில் யாரும் கைவைக்கக் கூடாது, அதிலிருந்து வரும் பொலிசையை, அதாவது வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஏரியில் மண் எடுக்க வேண்டும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்பது அதற்கு இட்ட கெடு. புதிதாக ஏரி வெட்டுவது புகழ் தரும். யாரோ வெட்டிய ஏரியில் சேறு அள்ளப் பொன் கொடுப்பவருக்கு என்ன புகழ்? அக்காலக் கொடைக் கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில், இந்த அறத்தைக் காப்பவரின் பாதம் தம் தலைமேல் என்று கொடையாளி சொல்லி வைக்கிறார். இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத ஒருவரைப் பெரியவர் பணிகிறார். எதிர்காலத் தலைமுறை பற்றி நாம் நிறைவேற்றும் தீர்மானங்களில் இந்தப் பணிவைக் காண முடிவதில்லை.

ஏரி நீரை வயலுக்கு விடும் பழைய தூம்புகளின் அமைப்பு எளியது. ஏரிக்குள், கரையிலிருந்து சற்றுத் தள்ளி இரண்டு கல்தூண்கள். நடுவே நீர் இறங்கும் துளை. நீண்ட தடியொன்றின் நுனியில் அதற்கான அடைப்பு. பாசனத்துக்கு வேண்டும்போது ஒருவர் நீந்திப் போய்த் தடியை உயர்த்துவார், போதுமென்றால் இறக்குவார். கோடையில் ஏரி வற்றினால் வண்டல் வண்டியேறி வயலுக்குப் போகும். ஏரி ஆழம் பெறும், நிலம் உரம் பெறும்.

இதையெல்லாம் பொற்காலமாக்கிவிட வேண்டாம். உத்திரமேரூர்ச் சபை பிராமணர் சபை. நிலமும் வேதக் கல்வியும் இருந்தால்தான் குடத்தில் ஓலை விழும். மண் சுமந்தவருக்கும் மடை திறந்தவருக்கும் அங்கே இடமில்லை. ஆனால் அச்சபையினர் கணக்கில் ஒரு நேர்மை இருந்தது: அந்தந்த ஆண்டு மழை தந்ததையே செலவழித்தார்கள்.

கம்பெனி ஆட்சி வரியை எடுத்துக்கொண்டது. ஏரி மராமத்தை ஊரிடம் விட்டது. பிறகு, 1858 இல், ஊர் உழைப்பைக் கட்டாயமாக்கச் சட்டமும் போட்டது. அதைவிடப் பெரிய முறிவு மின்மோட்டாரோடு வந்தது. தமிழ்நாட்டு நிலப்பரப்பில் முக்கால் பங்குக்குச் சற்றே குறைவான பகுதி கடும்பாறை. நீர் அதன் வெடிப்புகளில்தான் தங்கும், அதுவும் கொஞ்சம். கிணறு வற்ற ஆழ்துளை வந்தது. ஆழ்துளை வற்ற, இன்னும் ஆழமாக ஆயிரம் அடி. அந்த ஆழத்து நீர் நம் பாட்டன் காலத்து மழை, சில இடங்களில் அதற்கும் முந்தியது. இன்று உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீர் இறைக்கும் நாடு இந்தியா. தமிழ்நாட்டு வருவாய்ப் பிர்காக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில், ஆண்டில் ஊறுவதைவிட உறிஞ்சுவது அதிகம். பொலிசையை விட்டு முதலையே எடுத்துத் தின்கிறோம் என்பதற்கு இதற்குமேல் சான்று தேவையில்லை.

ஏரிகள் கெட்டதற்கு ஆக்கிரமிப்பையும் அரசியலையும் மட்டும் குறை சொல்வது பாதி உண்மை. மாநிலத்தில் முப்பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உள்ளன. அவற்றின் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர் தம் வயலில் போர் போட்ட அன்றே ஏரியின் தயவு அவருக்குத் தேவையற்றதாகிவிட்டது. கரை உடைந்தால் அவர் ஓடிவர வேண்டியதில்லை. வரத்துக்கால் தூர்ந்தால் கேட்க ஆளில்லை. எஞ்சியவர், போர் போட வசதியில்லாத சிறு விவசாயி. அவர் குரல் எந்த அலுவலகத்தில் எடுபடும்?

உத்திரமேரூரில் இன்னொரு விதியும் இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்துக்குத் தகுதியற்றவர். நிலத்தடி நீருக்கு அப்படிக் கணக்குக் கேட்பவர் இன்று யார்? நிலத்தின் அடியில் உள்ள நீர் நில உரிமையாளருக்கே என்ற பழைய உரிமை 1882 ஆம் ஆண்டின் சட்டத்தைப் பற்றிக்கொண்டு இன்னும் நிற்கிறது. அதற்கு வரம்பு கட்டத் தமிழ்நாடு 2003 இல் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வரவே இல்லை. 2013 இல் நீக்கப்பட்டுவிட்டது.