கடல் கடந்த இரு தண்டனைகள்: மேரி ரெய்பியும் சிவகங்கைத் துரைச்சாமியும் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் பிரித்தானிய அரசு குற்றவாளிகளை ஆஸ்திரேலியாவுக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியக் கைதிகளைப் பினாங்கு முதலிய இடங்களுக்கும் நாடுகடத்தின. ஏறத்தாழப் பதினைந்து அகவையில் இவ்வாறு கடல் கடந்த இருவரின் வாழ்வை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. அவர்தம் கதியை வேறுபடுத்தியது தண்டனைக்கு இருந்த கால வரையறையே என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நாடுகடத்தல், சிவகங்கை, துரைச்சாமி, பினாங்கு, நியூ சவுத் வேல்ஸ்.

முன்னுரை

பினாங்கில் 1786-இலும் சிட்னியில் 1788-இலும் ஆங்கிலக் குடியேற்றங்கள் தோன்றின. இரண்டுமே கைதிகளின் உழைப்பைப் பயன்படுத்தி வளர்ந்தவை. ஆயினும் அங்குச் சென்றவர்களின் சட்டநிலை ஒன்றாக இருக்கவில்லை.

மேரி ரெய்பி

இங்கிலாந்தின் லங்காஷயரில் 1777-இல் பிறந்த மேரி ஹேடாக், ஆணுடையில் ஜேம்ஸ் பர்ரோ என்னும் பெயருடன் குதிரை திருடிய வழக்கில் பிடிபட்டார். ஸ்டாஃபர்டு நீதிமன்றம் அவருக்கு ஏழாண்டு நாடுகடத்தல் விதித்தது. 1792 அக்டோபரில் சிட்னியை அடைந்ததும் தம் உறவினருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1794-இல் தாமஸ் ரெய்பியை மணந்தார். 1811-இல் கணவர் இறந்தபின் கப்பல் வணிகத்தைத் தாமே நடத்திச் செல்வரானார். 1820-இல் புதல்வியருடன் தாயகம் சென்று மீண்டார். 1994 முதல் ஆஸ்திரேலியாவின் 20 டாலர் பணத்தாள் அவர் உருவத்தைத் தாங்கியுள்ளது.

1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 1,60,000 கைதிகளுள் இத்தகைய வளம் பெற்றோர் மிகச் சிலரே. அவ்வளமும் பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தின்மீது எழுந்தது என்பதை மறத்தலாகாது.

துரைச்சாமி

தென்னிந்தியக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், 1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்தம் குடும்பத்து ஆண்களும் கொல்லப்பட்டனர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமியின் உயிர் மட்டும் விடப்பட்டது. 1802 பிப்ரவரியில் அவரும் சிவகங்கை மன்னர் வேங்கன் பெரிய உடையத் தேவரும் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ என்னும் கப்பலில் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர்.

துரைச்சாமியின் பிற்கால நிலைக்குக் குறிப்பிடத்தக்க சான்று, கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் இலண்டனில் வெளியிட்ட இராணுவ நினைவுக்குறிப்பு நூலாகும். இளமையில் சின்ன மருதுவிடம் வேலும் வளரியும் எறியக் கற்றவர் வெல்ஷ். பின்னர் அவர் நாட்டையே எதிர்த்துப் போரிட்ட படையிலும் இருந்தார். 1818-இல் பினாங்கில் தம்முன் வந்து நின்ற தளர்ந்த முதியவர் ஒருவரை அவரால் அடையாளம் காண இயலவில்லை. பெயரைக் கேட்டபின்னரே அவர் துரைச்சாமி என அறிந்தார். முதியவராகத் தோன்றிய அவருக்கு அப்போது அகவை முப்பதை ஒட்டியே இருந்தது.

ஒப்பீடு

மேரி குற்றவாளி, எனினும் நீதிமன்றம் அவர் பெயரில் ஒரு வழக்கையும் ஓர் எல்லையையும் எழுதிவைத்தது. ஏழாண்டு கழிந்ததும் அவர் மீண்டும் குடிமகளானார். துரைச்சாமி கடல் கடத்தப்பட்டதற்கு அவர் பிறந்த குடியே போதிய காரணமாயிற்று. பதினாறு ஆண்டுகள் கழிந்தும் அவர் பினாங்கிலேயே இருந்தார். திருட்டை மன்னிக்கும் வழியைத் தன் சட்டத்தில் வைத்திருந்த அரசு, அரசுரிமைக்குப் போராடியவரின் மகனுக்கு அதனை வைக்கவில்லை.

முடிவுரை

தண்டனைக்குரிய ஆவணம் ஒருவரைச் சிறைப்படுத்துவதோடு, அவர் விடுதலைக்கும் சான்றாகிறது என்பதை இவ்விரு வாழ்வுகளும் காட்டுகின்றன. மருதிருவர் வரலாறு பெரும்பாலும் திருப்பத்தூர்த் தூக்குமேடையோடு நிறைவு பெறுகிறது. கப்பலேறிய எழுபதுக்கும் மேற்பட்டோரின் வாழ்வைப் பினாங்கு, சென்னை ஆவணங்களின்வழித் தொடர்ந்து ஆராய்தல், அவ்வரலாற்றின் எஞ்சிய பகுதியை எழுதுவதாக அமையும்.