உட்கார்ந்தால் பிபி நார்மல்... நின்றால் தலைசுற்றல்! தீராத சோர்வு உள்ளவர்களுக்கு 10 நிமிட டெஸ்ட் ஏன் முக்கியம்?

செஞ்சியில் ராஜகிரி மலைக்கோட்டை சுமார் 800 அடி உயரம். ஏறி இறங்கினால் யாருக்கும் கால் வலிக்கும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். ஆனால் சிலருக்கு மலையேறவே வேண்டாம். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும்.

டாக்டரிடம் போனால் உட்காரவைத்து பிபி பார்ப்பார்கள். நார்மல்! 'டென்ஷன்தான், ரெஸ்ட் எடுங்க' என்று அனுப்பிவிடுவதும் உண்டு. சிக்கலே அங்குதான். நிற்கும்போது வரும் பிரச்னை, உட்கார்ந்து பார்த்தால் தெரியாது.

இது என்ன பிரச்னை?

எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிறு, கால் பக்கம் இறங்கும். உடனே ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயத்துடிப்பு சற்று கூடி, மூளைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். இது சரியாக நடக்காவிட்டால் நின்றால் தொந்தரவு, படுத்தால் நிம்மதி. இதற்குப் பெயர் ஆர்த்தோஸ்டேட்டிக் இன்டாலரன்ஸ்.

6 மாதத்துக்கு மேல் நீடிக்கும் நாள்பட்ட சோர்வு நோயில் இது பரவலாக உண்டு. 2015-ல் அமெரிக்காவில் வெளியான அந்த நோய்க்கான வரையறையிலேயே இதுவும் ஓர் அறிகுறி.

டெஸ்ட் எப்படி?

பெயர் 'நாசா லீன் டெஸ்ட்'. பெரிய கருவி தேவையில்லை, பிபி மெஷின் போதும். முதலில் சுமார் 10 நிமிடம் படுக்கவைத்து பிபி, பல்ஸ் குறிப்பார்கள். பிறகு குதிகாலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிவைத்து, தோள்பட்டையை மட்டும் சுவரில் சாய்த்து, ஆடாமல் 10 நிமிடம் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை அளவு எடுப்பார்கள். மயக்கம் வரலாம் என்பதால் வீட்டில் தனியாகச் செய்து பார்க்கக் கூடாது.

எண்கள் என்ன சொல்லும்?

* நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அது நிற்கும்போது வரும் லோ பிபி.
* பிபி அப்படிக் குறையாமல், 10 நிமிடத்துக்குள் பல்ஸ் 30 அல்லது அதற்கு மேல் கூடி, தொந்தரவும் 3 மாதமாக இருந்தால், அது 'பாட்ஸ்' ஆக இருக்கலாம்.

எல்லாமே நார்மல் என்றால்?

அப்போதும் பிரச்னை இல்லை என்று முடிவுகட்ட முடியாது. நெதர்லாந்தில் இந்த நோயுள்ள 429 பேரைச் சாய்வு மேசையில் நிறுத்தி, மூளைக்குப் போகும் ரத்தத்தை அளந்தார்கள். 2020-ல் முடிவு வெளியானது. பிபி, பல்ஸ் நார்மலாக இருந்தவர்களிலும் 82 சதவீதம் பேருக்கு ரத்த ஓட்டம் அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது. அதனால் எண்களோடு, நிற்கும்போது என்ன செய்கிறது என்று நோயாளி சொல்வதையும் எழுதிவைக்க வேண்டும்.

முதலில் எதைப் பார்க்கணும்?

ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, உடலில் நீர்ச்சத்துக் குறைவு, இதயக் கோளாறு, சாப்பிடும் பிபி மாத்திரை ஆகியவற்றாலும் இதே அறிகுறிகள் வரலாம். இவற்றைச் சரிபார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். டாக்டர் சொல்லாமல் உப்பைக் கூட்டுவதோ மாத்திரையை நிறுத்துவதோ ஆபத்து.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, 'சோர்வா இருக்கு' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'எவ்வளவு நேரம் நின்றால் ஆரம்பிக்குது, படுத்தால் எப்போ சரியாகுது' என்பதையும் சொல்லுங்கள். 'நிற்கவைத்தும் பிபி பாருங்க டாக்டர்' என்று தயங்காமல் கேளுங்கள்.